கட்டை விரலில் நாற்பத்தோராயிரம் பேர்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கே பழைய மரச்சாமான் கடை வாசலில் வரிசை நின்றுவிட்டது. கடை மூடி இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது அங்கே கட்டிலும் பீரோவும் விற்பதில்லை. நிழல் இறக்குகிறார்கள்.

வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பலகை. "கேம் ஆடிக் கெட்ட கை, கண், மூளை, குடும்பம். தொட்டால் போதும். நிழல் ஐயா." யார் தொடுவது, எதைத் தொடுவது என்று பலகையில் விளக்கம் இல்லை. வரிசையில் நின்றவர்களும் கேட்டுக்கொள்ளவில்லை. டோக்கன் கையில் இருந்தது, அது போதும் என்று நின்றார்கள்.

அறுபத்து நாலாம் டோக்கனோடு தையல்காரி நின்றாள். பக்கத்தில் அவள் புருஷன், வலது கையை இடது கையால் ஏந்திக்கொண்டு, வேறு யாருடைய குழந்தையையோ பார்த்துக்கொள்ளச் சொன்ன மாதிரி நின்றான்.

தையல்காரிக்கு நாலு தெரு தள்ளிக் கடை. ஒரே மெஷின். பழைய துணிகளைப் பிடித்துக் கொடுப்பாள், தளர்த்திக் கொடுப்பாள். கால் அங்குலம் தவறினால் பிரித்துப் போட்டுத் திரும்பத் தைக்கிற கை அது. துணி விஷயத்தில்தான் இந்தக் கண்டிப்பு. மற்ற விஷயங்களில் அளவெடுக்கும் பழக்கம் அவளுக்குக் கிடையாது.

புருஷனுக்குத் தரைக்கல் கிடங்கில் வேலை. தரைக்கல் அட்டிகளைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியைப் பதினோரு வருஷமாக ஓட்டுகிறான். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் போனில் ஒரு சண்டை கேம். சாப்பிடும்போது கேம், சாய்ந்திருக்கும்போது கேம், "இதோ வரேன்" என்று சொல்லும்போதும் கேம். இரண்டு வருஷம் இப்படிப் போயிற்று. முதலில் கண் சிவந்தது. பிறகு தூக்கம் கெட்டது. பிறகு எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தான். கடைசியில் வலது கட்டை விரல் வலிக்க ஆரம்பித்தது. சட்டைப் பொத்தானை மாட்ட முடியவில்லை. மனைவி மாட்டி விட்டாள்.

இந்த மாதத் தொடக்கத்தில் கிடங்கில் வண்டியின் நெம்புகோலை இழுக்கும்போது விரல் சுரீர் என்று இழுத்தது. கை விட்டுப் போயிற்று. ஒரு அட்டித் தரைக்கல் சாய்ந்து நொறுங்கியது. கீழே ஆள் இல்லை, தப்பித்தது. சூப்பர்வைசர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "இந்த மாசக் கடைசிக்குள்ள கை சரியாகணும். இல்லேன்னா வண்டியில ஏத்த மாட்டேன். கேட்ல உக்காந்து வர்ற லாரி நம்பர் எழுதிக்கிட்டிரு. நாளைக்கு ஒருத்தன் தலையில விழுந்தா யார் பதில் சொல்றது?"

அவர் சொன்னதில் தப்பில்லை. அதனால்தான் தையல்காரிக்குப் பயம் அதிகமாக இருந்தது. வண்டியில் ஏறும்போது மட்டும்தான் அந்த மனுஷன் நிமிர்ந்து உட்காருவான் என்று அவளுக்குத் தெரியும்.

நியாயமாக டாக்டரிடம் போயிருக்க வேண்டும். ஆனால் இடுப்பைத் தளர்த்த வந்த வாடிக்கைக்காரம்மா ஒருத்தி, அளவெடுக்கும் இரண்டு நிமிஷத்துக்குள், "டாக்டரா? என் தம்பிக்கு ஐயா தொட்டாரு, மூணே வாரம்" என்று சொல்லிவிட்டாள். தம்பிக்கு என்ன வியாதி, மூன்று வாரத்தில் என்ன ஆயிற்று என்பதைச் சொல்லவில்லை. தையல்காரியும் கேட்கவில்லை. ஊசியை வாயில் கவ்விக்கொண்டிருந்தாள்.

இது அவர்களுக்கு இரண்டாவது ஞாயிறு. முதல் ஞாயிறு நடந்ததைச் சொல்லியாக வேண்டும்.

உள்ளே நுழைந்ததும் ஒரு உதவியாளர் பெண் படிவம் கொடுத்தாள். என்ன கேம், தினம் எத்தனை மணி நேரம், உடம்பில் எங்கே வலி, என்ன வேலை, வீட்டில் யாரோடு மனஸ்தாபம், எல்லாம் அதில் எழுத வேண்டும். எழுதியதை அந்தப் பெண் திரைக்குப் பின்னால் கொண்டுபோனாள். பத்து நிமிஷம் கழித்துக் கூப்பிட்டார்கள். ஐயா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நெற்றியைச் சுருக்கினார். மெதுவாக, "விரல்... கட்டை விரல்... வலது" என்றார்.

தையல்காரிக்கு மெய் சிலிர்த்தது. தானே எழுதிக் கொடுத்ததைத் தனக்கே திருப்பி வாசிக்கக் கேட்டு மெய் சிலிர்க்கிறவர்கள் அந்தக் கடையில் தினம் இருநூறு பேர்.

"போனைக் காட்டு" என்றார் ஐயா. புருஷன் காட்டினான். கேமில் ஒரு மூலையில் கணக்கு இருந்தது. இதுவரை சுட்டு வீழ்த்தியவர்கள் நாற்பத்தோராயிரத்து முந்நூற்று ஆறு பேர்.

ஐயா நீண்ட பெருமூச்சு விட்டார். "இவ்வளவு பேரும் எங்க போவாங்க? கொன்னவன் விரல்லதான் வந்து உக்காருவாங்க. அந்த நிழல் பாரம்தான் உன் வலி."

ஒரு கட்டை விரலில் நாற்பத்தோராயிரம் பேர். நின்றுகொண்டு வருகிறார்களா, உட்கார இடம் உண்டா என்று புருஷனுக்குச் சந்தேகம் வந்தது. மனைவி முறைத்ததால் கேட்கவில்லை.

பிறகு கை சோதனை. அதுதான் ஐயாவின் கைராசிக்குப் பெயர் போன காட்சி. இடது கையில் போனைப் பிடிக்க வேண்டும். வலது கையைப் பக்கவாட்டில் நீட்ட வேண்டும். ஐயா இரண்டே விரலால் அழுத்துவார். நீட்டிய கை சொத்தென்று விழும். "பார்த்தியா, நிழல் உறிஞ்சிடுச்சு." அதன் பிறகு மணிக்கட்டில் ஒரு கறுப்புப் பட்டை கட்டுவார். நடுவில் ஒரு செப்புப் பொட்டு. திரும்ப அழுத்துவார். கை அசையாது. கூட்டம் கைதட்டும்.

புருஷனுக்கும் அப்படியே விழுந்தது, அப்படியே நின்றது. பட்டையைக் கழற்றக் கூடாது என்று உத்தரவாயிற்று. ஏழு ஞாயிறு வர வேண்டும். "ஒண்ணு மட்டும் கவனம். நடுவுல டாக்டர்கிட்ட போயிடாதீங்க. ஊசி குத்தினா நிழல் உள்ளேயே பூட்டிக்கும். அப்புறம் என்னாலயும் எடுக்க முடியாது."

இவர்களுக்கு முன்னால் போனவர் ஓய்வுபெற்ற டீச்சரம்மா. அவர் ஆடுவது கலர் கலர் மிட்டாய்களை வரிசையாக உடைக்கிற கேம். அதில் சாவு கிடையாது. ஐயா அரை நிமிஷம் யோசித்துவிட்டு, "மிட்டாய்க்கும் உயிர் உண்டும்மா. நமக்குத் தெரியாது" என்றார். டீச்சரம்மா கண் கலங்கி, உடைத்த மிட்டாய்களிடம் மன்னிப்புக் கேட்டார். பின்னால் வந்த பேங்க் மேனேஜர் போனில் சதுரங்கம் மட்டும்தான் ஆடுவார். அவர் கணக்கில் வெட்டுப்பட்ட யானைகள் ஏராளம். யானையாயிற்றே, பாரம் அதிகம் என்று அவருக்கு இரண்டு கைக்கும் பட்டை போட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் நாத்தனார் பட்டையைப் பார்த்தாள். இவள் புருஷனுக்குத் தங்கை. மாற்றலாகி வந்து இவர்களோடு தங்கியிருந்தாள். எடை ஆபீஸில் வேலை. கடைகளுக்குப் போய்த் தராசு சரியாக நிற்கிறதா என்று சோதிப்பது. அதனால் வீட்டில் தராசுக்காரி என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

"அண்ணி, இது என்ன?"

"ஐயா கட்டினது."

"அது சரி. எதால செஞ்சது?"

தையல்காரி அடுப்பைப் பார்க்கப் போனாள். பட்டை ஐயாவின் கையில் இருந்தபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பாவாடை இடுப்புக்குப் போடுகிற ஒன்றரை அங்குல எலாஸ்டிக். அவள் மீட்டர் மீட்டராக வாங்குகிறாள். அந்த முனைத் தையல்கூட அவசரத் தையல், அவள் கடையில் என்றால் பிரிக்கச் சொல்லியிருப்பாள். ஆனால் ஐயா தொட்டதும் அது வேறு எலாஸ்டிக் ஆகியிருக்கும் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டாள். மனசைச் சமாதானம் செய்வதில் அவள் கை துணியில் இருப்பதைவிடச் சுத்தம்.

இரண்டாவது ஞாயிறு தராசுக்காரியும் கூட வந்தாள். வரிசையில் நின்று, உள்ளே ஒரு ஓரமாக உட்கார்ந்து, பதினைந்து பேருக்குக் கை சோதனை நடப்பதைப் பார்த்தாள். ஐயாவின் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. விரலை மட்டும் பார்த்தாள்.

"அண்ணி, போன் கையில இருக்கும்போது மணிக்கட்டுக்கிட்ட அழுத்துறாரு. பட்டை கட்டினதும் முழங்கைக்கிட்ட அழுத்துறாரு. தராசுக் கோல்ல எடையை முனைக்குத் தள்ளி மாட்டினா அதிகமா இழுக்கும், நடுவுக்குக் கொண்டுவந்தா இழுக்காது. இதைத்தான் நான் தினம் கடைக்காரங்ககிட்ட பிடிக்கிறேன்."

"உனக்கு எல்லாமே தராசுதான்" என்றாள் தையல்காரி. கோபமாகத்தான் சொன்னாள். பயத்தில் வந்த கோபம்.

தங்கள் முறை வந்தபோது தராசுக்காரி எழுந்து கைகட்டி, மிகப் பணிவாகக் கேட்டாள். "ஐயா, போன் எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியாமலே கை விழுமா?"

ஐயா சிரித்தார். "நிழலுக்கு நான் பார்க்கணும்னு என்னம்மா அவசியம்? இருந்தா விழும்."

"அப்போ ஆறு பை கொண்டு வரேன். எல்லாம் ஒரே மாதிரி. ஒண்ணுல அண்ணன் போன், அஞ்சுல சோப்பு. எடையெல்லாம் கிராம் சுத்தமா ஒண்ணா இருக்கும். எந்தப் பைக்கு அண்ணன் கை விழுதுன்னு பார்த்துடலாம்."

கூட்டம் ஐயாவைப் பார்த்தது. ஐயா மேலே பார்த்தார். "பார்க்கலாம். நிழல் உத்தரவு கொடுக்கட்டும். ஒரு வாரம், ரெண்டு வாரம் போகட்டும்" என்றார். உத்தரவு எந்த ஜன்மத்தில் வரும் என்று சொல்லவில்லை.

வெளியே வந்ததும் அண்ணனும் தங்கையும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். மாதக் கடைசிக்குப் பத்து நாள்தான் இருந்தது. வர்ற ஞாயிறு ஐயா சரியாகச் சொன்னால் தராசுக்காரி டாக்டர் பேச்சையே எடுக்க மாட்டாள். தப்பாகச் சொன்னாலோ, சொல்லாமல் நழுவினாலோ திங்கட்கிழமை டாக்டர். "எனக்கு எதுன்னாலும் சரி, விரல் வலி போனா போதும்" என்றான் புருஷன். அவன் முகத்தில் எரிச்சல்கூட இல்லை. களைத்துப் போயிருந்தான்.

தையல்காரி ஆறு பை தைத்தாள். ஒரே பழுப்புத் துணி, வாயில் இழுகயிறு, ஒரே அளவு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தராசுக்காரி ஆறு அட்டைப் பெட்டிகளைக் கொண்டுவந்தாள். அண்ணன் போனையும் சோப்புகளையும் ஆபீஸ் தராசில் நிறுத்து, சோப்போடு ஆணி சேர்த்து, எடையை ஒன்றாக்கியிருந்தாள். கூடத்தில் உட்கார்ந்து ஒரு பெட்டியில் அண்ணன் போனை வைத்து ஒட்டினாள். மற்ற ஐந்திலும் சோப்பு. பெட்டிகளைப் பைகளில் போட்டு இழுத்துக் கட்டினாள். தையல்காரி துணி மடித்துக்கொண்டே போன் போன பையைக் கண்ணால் பிடித்துக்கொண்டாள்.

அவளுக்கு ஐயா மேல் சந்தேகமில்லை. நாத்தனார் மேல்தான் சந்தேகம். சோதித்தால் நிழல் கோபித்துக்கொள்ளும், ஐயா மனசு நோகும், கடைசியில் விரல்தான் பலியாகும் என்று அவள் கணக்குப் போட்டாள். சனிக்கிழமை காலை எல்லாரும் வேலைக்குப் போனதும் அந்தப் பையை எடுத்து, ஓர மடிப்பில், அடிப்பக்க மூலையில், சிவப்பு நூலால் மூன்று தையல் போட்டாள். தையல் தெரிந்தவர்கள் கண்ணுக்குத்தான் அது தெரியும், அவ்வளவு சின்னது. போட்டுவிட்டு ஐயாவைப் பார்க்கப் போனாள்.

மதியம் கூட்டம் இல்லை. ஐயா செருப்பைக் கழற்றிவிட்டு, மேஜைக்கு அடியில் கால் நீட்டி, போனில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். இவளைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"ஐயா, என் நாத்தனார் விவரம் புரியாம பேசிட்டா. நீங்க தப்பா நினைக்கக் கூடாது. எங்களுக்கு இந்த மாசம் கடைசிதான் கெடு. அதான் போன் இருக்கிற பையில ஒரு அடையாளம் போட்டிருக்கேன்."

ஐயா முகம் சுருங்கியது. "எனக்கு எதுக்கும்மா அடையாளம்? நிழல் தானா காட்டும். இதெல்லாம் சொல்லவே கூடாது."

"மன்னிச்சிடுங்க ஐயா."

"பரவாயில்லை." கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தார். பிறகு கண்ணைத் திறக்காமலே கேட்டார். "எந்தப் பக்கம்?"

"அடிப்பக்கம் ஐயா. வலது மூலை. சிவப்பு நூல், மூணு தையல்."

"தேவையே இல்லை" என்றார் ஐயா. "வெளியில தெரியுதா, உள்ளயா?"

"வெளியில ஐயா. கிட்ட பார்த்தா தெரியும்."

"சரி, போ. நான் கேட்டதாவே நினைக்காதே."

அவள் அப்படியே நினைக்காமல் வீட்டுக்குப் போனாள். சாயங்காலத்துக்குள் நிழல் உத்தரவு கொடுத்துவிட்டது. வாசல் பலகைக்குப் பக்கத்தில் இன்னொரு பலகை முளைத்தது. "நாளை பகிரங்கச் சோதனை. ஆறு பைகள். ஒரு நிழல். சந்தேகப் பேர்வழிகள் அவசியம் வரவும்."

மறுநாள் மரச்சாமான் கடையில் கால் வைக்க இடமில்லை. டீச்சரம்மா முன்வரிசையில் இருந்தார். பேங்க் மேனேஜர் இரண்டு கையிலும் பட்டையோடு வந்திருந்தார். மேடை என்று சொல்லப்பட்ட பழைய கட்டில் பலகை மேல் ஐயா நின்றார். புருஷன் பக்கத்தில் நின்றான். தராசுக்காரி ஆறு பையையும் மேஜையில் வைத்தாள். வைத்துவிட்டு, கயிறுகளை எல்லாம் அவிழ்க்க ஆரம்பித்தாள்.

தையல்காரி இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தாள். "ஏம்மா, கட்டினதை ஏன் அவிழ்க்கறே?"

"எங்க ஆபீஸ் வழக்கம் அண்ணி. முந்தின நாள் கட்டி வச்சதை அப்படியே சோதனைக்கு எடுக்க மாட்டோம். நடுவுல யார் தொட்டாங்க, எது எங்க போச்சுன்னு தெரியாதுல்ல. சோதனை நடக்கிற இடத்துல வச்சுத்தான் திரும்பக் கட்டுவோம். வேத்து ஆளை விட்டு."

அண்ணியைச் சந்தேகப்பட்டு அவள் செய்யவில்லை. கடைக்காரர்கள் டீ வாங்கிக் கொடுத்தாலும் இப்படித்தான் செய்வாள், முறைத்தாலும் இப்படித்தான் செய்வாள். பேங்க் மேனேஜரைக் கூப்பிட்டாள். பெட்டிகளையும் பைகளையும் அவர் திரைக்குப் பின்னால் எடுத்துப்போய், பெட்டிகளைக் குலுக்கிப் போட்டு, கைக்கு வந்ததைக் கைக்கு வந்த பையில் போட்டுக் கட்டிக்கொண்டு வந்தார். பெட்டிகளும் ஒரே மாதிரி என்பதால் எதில் போன் என்பது இப்போது அவருக்கும் தெரியாது. தராசுக்காரிக்கும் தெரியாது. அந்தக் கடையில் ஒருவருக்கும் தெரியாது.

தையல்காரி சிவப்புத் தையல் போட்ட பையைக் கண்ணால் தேடினாள். எழுந்து போய்ச் சொல்லலாமா என்று பார்த்தாள். நூறு பேர் நடுவில் எப்படிச் சொல்வது? பிறகு, கொஞ்ச நேரம் கழித்து, ஒரு ஆறுதல் வந்தது. ஐயாவுக்குத்தான் அடையாளமே தேவையில்லையே. அவரே சொன்னாரே. நிழல் எந்தப் பையில் இருக்கிறதோ அந்தப் பைக்குத்தான் கை விழப்போகிறது. தையல் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

ஐயா சட்டைக் கையை மடித்துக்கொண்டார். புருஷன் மணிக்கட்டிலிருந்த பட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தார். முதல் பையை எடுத்து அவன் இடது கையில் வைத்தார். கொடுக்கும்போது அதன் அடிப்பக்கத்தை ஒருமுறை தடவினார். வலது கையை அழுத்தினார். கை நின்றது. இரண்டாவது பை, தடவினார், அழுத்தினார், நின்றது. மூன்றாவதும் நின்றது. நாலாவது பையைத் தடவும்போது அவர் விரல் மூலையில் ஒரு நொடி நின்றது. கூட்டத்தில் அதைப் பார்த்தது இரண்டு பேர். தராசுக்காரிக்கு அது ஏன் என்று தெரியவில்லை. தையல்காரிக்குத் தெரிந்தது.

ஐயா உரக்க மூச்சு விட்டார். "வந்துட்டான்" என்றார். அழுத்தினார். கை சொத்தென்று விழுந்தது.

கைதட்டல் ஓய இரண்டு நிமிஷம் ஆயிற்று. மிச்சம் இரண்டு பைக்கும் கை இரும்புக் கம்பியாக நின்றது. தையல்காரி மட்டும் தட்டவில்லை. அந்த மூன்று சிவப்புத் தையலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு நம்பிக்கை பாக்கி இருந்தது. ஆறில் ஒன்று, குலுக்கிப் போட்டதில் போன் திரும்ப அதே பைக்கு வந்திருக்கலாம்.

தராசுக்காரி நாலாவது பையை அவிழ்த்தாள். பெட்டியைக் கிழித்தாள். குளியல் சோப்பு ஒன்று, ஆணி ஏழு. எல்லாருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிக் காட்டினாள். மற்றப் பெட்டிகளையும் கிழித்தாள். போன் இரண்டாவது பையில் இருந்தது.

ஐயா தடுமாறியது ஒரு மூச்சு நேரம்தான். தொழில் தெரிந்தவர்.

"தாவிடுச்சு" என்றார் வருத்தமாக. "சோதிக்கிறாங்கன்னு தெரிஞ்சதும் போனை விட்டுச் சோப்புக்குத் தாவிடுச்சு. இந்த மாதிரி தந்திரக்கார நிழலை நான் பார்த்ததில்லை. அதான் ஏழு வாரம் போதாதுன்னு நினைச்சேன். பத்து வாரம் ஆகும்."

கூட்டம் மூச்சு விட்டது. "தாவும், தாவும்" என்றார் யாரோ. "சோப்புன்னா வழுக்கிக்கிட்டு உள்ள போயிடும்ல" என்றார் டீச்சரம்மா. முப்பது வருஷம் விஞ்ஞானப் பாடம் நடத்தியவர். பேங்க் மேனேஜர் சோப்பை மோந்து பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

தராசுக்காரி கிழித்த பெட்டியைத் திரும்ப மேஜையில் வைத்தாள். குறைந்த எடைக்கு அவளிடம் சட்டம் உண்டு. சோப்புக்குள் நிழல் தாவுவதற்கு எந்தச் சட்டமும் இல்லை. அத்தனை பாடுபட்டுச் செய்த சோதனை ஒரே வார்த்தையில் போயிற்று. போனது மட்டுமில்லை, ஐயாவுக்கு மூன்று வாரத்தை அதிகமாகச் சம்பாதித்தும் கொடுத்துவிட்டது.

புருஷன் வலது கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டான். ஐயா ஆறு தடவை அழுத்தியதில் விரல் வீங்கியிருந்தது. "பத்து வாரமா?" என்று மெதுவாகக் கேட்டான். மாதக் கடைசிக்கு இன்னும் மூன்று நாள்.

அந்தக் குரலைக் கேட்டதும் தையல்காரி எழுந்துவிட்டாள். எப்படி மேஜைவரை வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. நாலாவது பையை எடுத்து மூலையைத் திருப்பினாள்.

"இந்தச் சிவப்புத் தையல் நான் போட்டது" என்றாள். "நேத்து மதியம் இங்க வந்து ஐயாகிட்ட நானேதான் சொன்னேன். இந்தப் பையிலதான் போன் இருக்கு, அடையாளம் இருக்குன்னு. எனக்கு எதுக்கு அடையாளம்னு கேட்டாரு. கேட்டுட்டு, எந்தப் பக்கம்னு கேட்டாரு. வெளியிலயா உள்ளயான்னும் கேட்டாரு."

"என்னம்மா உளர்றே" என்றார் ஐயா.

"உளறலை ஐயா. என் நாத்தனார் இங்க வந்து மாத்திக் கட்டுவான்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. நிழல் போன்லயிருந்து சோப்புக்குத் தாவுச்சுன்னு சொல்றீங்க. அஞ்சு சோப்பு இருக்கு. அது ஏன் என் தையல் இருக்கிற சோப்பாப் பார்த்துத் தாவணும்? அதுக்குத் தையல் தெரியுமா?"

ஐயா மேலே பார்த்தார். இந்தத் தடவை மேலேயிருந்து உத்தரவு எதுவும் வரவில்லை.

"இதையும் சொல்லிடறேன்" என்றாள். மேஜையில் கிடந்த புருஷனின் பட்டையை எடுத்துக் காட்டினாள். "இது பாவாடைக்குப் போடுற எலாஸ்டிக். முதல் நாளே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் கட்ட விட்டேன். இவரு விரல் பதினஞ்சு நாளாக் கெட்டதுக்கு நீங்க பாதிக் காரணம். மீதி நான்தான்." சொல்லிவிட்டு அழுதாள். அவமானத்தில் வந்த அழுகை, அவள் மறைக்கவில்லை.

முதலில் சிரித்தது பேங்க் மேனேஜர். ஒரு கைப் பட்டையைக் கழற்றி இழுத்து விட்டுப் பார்த்தார். அது சொடுக்கென்று சுருங்கியது. மற்ற கைப் பட்டையையும் கழற்றினார். அதன் பிறகு கடை முழுக்க எலாஸ்டிக் சத்தம். ஐயா தியானத்துக்கு நேரமாகிவிட்டது என்று திரைக்குப் பின்னால் போனார். பின்னால் கதவு இருந்தது. மேஜையில் அவர் மறந்துவிட்டுப் போன போனை உதவியாளர் பெண் எடுத்தபோது அதில் ஒரு கேம் பாதியில் நின்றிருந்தது. கலர் கலர் மிட்டாய்.

எல்லாரும் தெளிந்துவிட்டார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பத்துப் பதினைந்து பேர் பட்டையைக் கழற்றவில்லை. டீச்சரம்மா உதவியாளர் பெண்ணிடம் போய், "இந்த வாரத்து டோக்கன் அடுத்த வாரம் செல்லுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை கை டாக்டரிடம் போனார்கள். அந்த அம்மா படிவம் எதுவும் கேட்கவில்லை. கட்டை விரலை உள்ளே மடக்கி, அதன்மேல் மற்ற விரல்களை மூடி, மணிக்கட்டைக் கீழ்ப்பக்கம் சாய்க்கச் சொன்னார். சாய்ப்பதற்குள் புருஷன் துள்ளிவிட்டான்.

"எவ்வளவு நேரம் ஆடுவீங்க?"

"நாற்பத்தோராயிரத்து முந்நூத்தி ஆறு பேரு டாக்டர்" என்றான் அவன், பழக்க தோஷத்தில்.

"எத்தனை பேரைக் கொன்னீங்கன்னு எனக்கு வேண்டாம். எத்தனை மணி நேரம்?"

"அஞ்சு. சில நாள் ஆறு."

"பகல் முழுக்க நெம்புகோல், சாயங்காலம் முழுக்க போன். ஒரே விரல். அதுல ஓடுற தசைநார்க் கயிறு உறையோட உரசி உரசி வீங்கியிருக்கு. நிழலும் இல்லை, பாவமும் இல்லை. கண் சிமிட்டாம பார்த்தா கண் காயும். படுக்கிற வரைக்கும் சண்டை போட்டா மூளை தூங்காது. தூங்காதவன் எரிஞ்சுதான் விழுவான். கேம் ஒண்ணும் விஷம் இல்லை. ஒரு மணி நேரம் ஆடுங்க, நடுவுல எழுந்து நடங்க. இப்போதைக்கு விரலுக்குப் பூட்டு." விரலை அசையவிடாத பட்டை ஒன்றை மாட்டி, ஆறு வாரம் என்று எழுதிக் கொடுத்தார். எழுதிக்கொண்டே, "வலி வந்தப்பவே வந்திருந்தா பாதி நாள் போதும்" என்றார்.

தையல்காரி தலையைக் குனிந்துகொண்டாள். பஸ்ஸில் புருஷன்தான் அவளைச் சமாதானப்படுத்தினான். "விடு. நாற்பதாயிரம் பேரை ஒரே நாள்ல இறக்கி விட்டுட்டியே."

சூப்பர்வைசர் டாக்டர் சீட்டைப் படித்துவிட்டு, ஆறு வாரம் கேட்டில் உட்காரச் சொன்னார். வண்டியை வேறு ஆளுக்கு நிரந்தரமாகக் கொடுக்கவில்லை. ஏழாவது வாரம் புருஷன் திரும்ப வண்டியில் ஏறினான். அன்றைக்குச் சட்டைப் பொத்தானை அவனே மாட்டிக்கொண்டான். தையல்காரி வாசலில் நின்று அதைப் பார்த்தாள்.

அதே வாரம் அந்த வாடிக்கைக்காரம்மா வந்தாள். இந்தத் தடவை இடுப்பைப் பிடிக்க.

"அந்த ஆள் ஃபிராடாமே? போகட்டும். இப்ப ரெண்டு தெரு தள்ளி ஒரு அம்மா வந்திருக்காங்க. காதுல ஊதினாலே போதும், கேம் பைத்தியம் தெளிஞ்சிடுதாம். என் தம்பியைக் கூட்டிட்டுப் போறேன்."

"தம்பிக்குத்தான் மூணு வாரத்துல சரியாச்சுன்னீங்களே?"

"ஆச்சு. திரும்ப வந்துடுச்சு."

தையல்காரி வாயிலிருந்த ஊசியை எடுத்துக் கீழே வைத்தாள். சுவரில் மாட்டியிருந்த ஆறு பழுப்புப் பைகளைக் கழற்றி அவள் கையில் கொடுத்தாள். சிவப்புத் தையலை எப்போதோ பிரித்திருந்தாள். "எடுத்துட்டுப் போங்க. எப்படிச் சோதிக்கணும்னு நான் சொல்லித் தரேன். அந்த அம்மாகிட்ட அடையாளம் மட்டும் சொல்லிடாதீங்க."

வாடிக்கைக்காரம்மா தலையாட்டினாள். முதலில் ஐயாவைப் பற்றிச் சொன்னவர்களுக்கும் அவள் இதே மாதிரிதான் தலையாட்டியிருப்பாள். தலையாட்டுவதற்குக் கழுத்து ஒன்று போதும். கழுத்துக்கு மேலே இருப்பதையும் ஒருமுறையாவது எடுத்து உபயோகித்துப் பாருங்கள், அது டோக்கன் கேட்காது.